வன்னிக்குச் சக்கர நாற்காலி: லண்டனில் அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்களுக்கு

லண்டனில் இருந்துகொண்டு, இலங்கையின் வடக்கே வன்னியில் இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா என்று பேச்செடுத்தால், பேச்சு உடனே பதிவு இலக்கம், வங்கிக் கணக்கு, இணையத்தளம் என்று போய்விடும். இவை சில மாதங்களில் முடிகிற வேலைகள். முடியாத வேலை வேறு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இன்று கொடுக்கும் சக்கர நாற்காலி மெத்தை ஒன்றிரண்டு வருடத்தில் நசிந்து பலகையாகிவிடும். அப்போது அதை யார் கவனிப்பது, யார் மாற்றிக் கொடுப்பது? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் தொடங்கும் அமைப்பு, நல்ல மனத்தோடு தொடங்கினாலும், ஆட்களைத் திரும்பப் படுக்கையில் விழுத்திவிடும்.

வன்னியில் இந்தக் காயத்தோடு வாழ்கிறவர்களில் பலர் 2009 மேயில் முடிந்த போரில் செல் துண்டோ சன்னமோ முதுகில் பட்டவர்கள். அன்றைக்கு இருபது வயதில் இருந்தவர்கள் இன்று முப்பதுகளின் பிற்பாதியில் நிற்கிறார்கள். அவர்களைத் தூக்கி இருத்தி, குளிக்கவார்த்த அம்மாவுக்கு இப்போது தான் எழும்பவே முழங்கால் விடுவதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்து, பனை தென்னையில் இருந்து விழுதல் என்று புதிதாகவும் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். கொழும்பை அண்டிய ராகமை மறுவாழ்வு வைத்தியசாலையில் மாதக் கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறவருக்கு, ஊரில் மணல் ஒழுங்கையும் உயர்ந்த வாசற்படியும் பின்வளவு மலசலகூடமும் காத்திருக்கின்றன. லண்டன் அமைப்பொன்று செய்யக்கூடிய வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கொள்கலனைப் பற்றிப் பேசிவிடலாம். இங்கே வைத்தியசாலைகளும் முதியோர் இல்லங்களும் கழித்துவிடும் நாற்காலிகளைச் சேர்த்து, ஒரு கொள்கலனை நிரப்பிக் கொழும்புக்கு ஏற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் திட்டம். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாற்காலிகள் நோயாளியை வார்ட்டில் இருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப்போகச் செய்தவை. நாள் முழுக்க ஒருவர் இருந்து, தானே உருட்டிப்போகச் செய்தவையல்ல. இருக்கை 18 அங்குலம், அதாவது 46 சென்ரிமீற்றர் அகலம். 35 சென்ரிமீற்றர் இடுப்புள்ள மெலிந்த ஒருவர் அதில் இருந்தால், இடுப்பு ஒரு பக்கம் சரியும், தோள் மறுபக்கம் இறங்கும், சில வருடத்தில் முதுகெலும்பே வளையும். சக்கரம் தூரத்தில் இருப்பதால் கையை அகட்டித் தள்ளித் தள்ளித் தோள்மூட்டு போய்விடும். கால் இயங்காதவருக்குத் தோள்தான் கால் என்பதை மறக்கக் கூடாது. முன்னால் இருக்கும் சின்னக் கட்டிச் சக்கரங்கள் புதுக்குடியிருப்புப் பக்கத்து மணலில் நாலு முழம் போவதற்குள் புதைந்து, ஆளை முன்னுக்குக் கவிழ்க்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி, வசதி குறைந்த இடங்களுக்கென்றே எழுதப்பட்டது. அது எட்டுப் படிகளைச் சொல்கிறது: ஆளை அனுப்பிவைத்தல், மதிப்பீடு, நாற்காலியைத் தெரிதல், நிதியும் கொள்முதலும், தயார்ப்படுத்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பராமரிப்பும் தொடர் கவனிப்பும். கொள்கலன் அனுப்புவது இதில் நாலாவது படியை மட்டும் செய்வது. மற்ற ஏழும் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மருத்துவ உபகரணங்களை இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, சுங்கம் இருக்கிறது. கடிதம் ஒன்று குறைந்தாலும் கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அந்த வாடகைக் காசுக்கு ஊரிலேயே மெத்தைகள் வாங்கியிருக்கலாம்.

உதிரிப்பாகம் இன்னொரு பொறி. இங்கிலாந்து நாற்காலியின் பின்சக்கர ரயரில் 24 × 1⅜ என்று இருக்கும். ஊர்ச் சைக்கிள் கடையில் "24 ரயர்" என்று கேட்டால் பெரும்பாலும் சிறுவர் மலைச்சைக்கிளின் 24 × 1.75 வரும். இரண்டும் 24தான், ஆனால் முதலாவது 540 மில்லிமீற்றர் விளிம்புக்கு, மற்றது 507க்கு. ஒன்றின் ரயர் மற்றதில் ஏறவே ஏறாது. ரயரின் பக்கத்தில் 37-540 என்றோ 47-507 என்றோ அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை. பின்சக்கரப் பெயாரிங்குகள் பல நாற்காலிகளில் அரை அங்குல அச்சுக்கான ஆர்8 வகை. ஊரில் எல்லாம் மில்லிமீற்றர் அளவு. முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 608 பெயாரிங் போடலாம், அது எங்கும் கிடைக்கும். எந்த நாற்காலியை வாங்க முன்னும் கிளிநொச்சிச் சந்தையில் அதன் ரயரும் ரியூப்பும் பெயாரிங்கும் கிடைக்கின்றனவா என்று ஒருவரை அனுப்பிப் பார்ப்பது, விலை விசாரிப்பதைவிட முக்கியம்.

அளவு எடுப்பது கடினமான கலையல்ல, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். இடுப்பின் அகலம் எவ்வளவோ அதுதான் இருக்கையின் அகலம்; தளர்வாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் கூட்டுவது தையற்காரர் பழக்கம், இங்கே உதவாது. இருக்கையின் ஆழத்துக்கு, பிட்டத்தின் பின்புறத்தில் இருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்ரிமீற்றர் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் விளிம்பு முழங்காலில் இடிக்கும், ஆள் முன்னுக்கு வழுகி முதுகைக் கூனுவார். முழங்கால் மடிப்பில் இருந்து குதிக்கால் வரையான அளவு கால் தட்டுக்கு. மெத்தை போட்ட பிறகே கால் தட்டைச் சரிசெய்ய வேண்டும். தட்டு உயர்ந்தால் தொடை தூக்கி, பாரம் முழுவதும் பிட்டத்தின் அடியில் உள்ள இருக்கை எலும்பில் இறங்கும். கடினமான, பின்புறம் சாயாத கதிரையில் இருத்தி அளக்க வேண்டும், கட்டிலில் படுக்கவைத்து அல்ல.

மெத்தைக்கு வருவோம். நன்கொடை கேட்கும் சுவரொட்டிகளில் நாற்காலி வரும், மெத்தை வராது. ஆனால் உணர்ச்சியற்ற பிட்டத்துக்கு நாற்காலியைவிட மெத்தைதான் உயிர்காக்கும் சாமான். மெத்தைக் கடையில் வெட்டித் தரும் ஸ்பொஞ்ச் சில மாதத்தில் நசிந்துவிடும். உறுதியான அடித்தட்டில் இருக்கை எலும்புகளுக்குக் குழி வெட்டி, மேலே மென்மையான தட்டு ஒட்டி, இழுபடக்கூடிய, கழுவக்கூடிய உறை போட்டதுதான் மெத்தை. ஒரு மெத்தைக்கு இரண்டு உறை கொடுக்க வேண்டும். ஒன்று கொடியில் காயும்போது மற்றது வேண்டும். ஒரே உறை கொடுத்தால், அது ஈரமாக இருக்கும் நாளில் வெறும் ஸ்பொஞ்சில் இருப்பார், மூத்திரம் ஊறும், ஸ்பொஞ்ச் அழுகும்.

மெத்தை நசிந்துவிட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, பெண்களுக்குப் பெண் ஒருவர் செய்ய வேண்டும். ஆளை நிமிர்ந்து இருத்தி, கைகளைத் தொடையில் வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருந்து உங்கள் கையை, உள்ளங்கை மேலே பார்க்க, மெத்தைக்கும் பிட்டத்துக்கும் நடுவே விட்டு, இருக்கை எலும்பைத் தேடிப்பிடியுங்கள். எலும்புக்கு நேர் கீழே விரல் நுனிகளை 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் மெத்தை சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் விரலை இழுத்தால் சுலபமாக வருகிறது என்றால் எச்சரிக்கை. விரல் இறுகி நசிந்து, இழுக்கவே கஷ்டமென்றால் அந்த மெத்தையில் அவர் இனி இருக்கக் கூடாது. அன்றைக்கே மாற்று மெத்தை வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கிறார்கள். களப்பணியாளரின் சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ எப்போதும் ஒரு மாற்று மெத்தை இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

புண் வரும் விதத்தையும் அறங்காவலர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது இதுவாகத்தான் இருக்கும். தோலில் சிவப்போ கருமையோ தெரிகிறது. விரலால் அழுத்தினால் வெளிறவில்லை. அதுவே முதற் கட்டம். அந்த இடத்தில் பாரம் போடாமல் இருந்தால் சில நாளில் ஆறும். அதிலேயே பாரம் போட்டு இருந்தால் உள்ளே சதை அழுகிய பிறகே வெளியே தோல் திறக்கும். எலும்பு வரை போன புண்ணுக்கு மாதக் கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்குக் கிருமி இரத்தத்தில் ஏறி மரணம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னுக்குக் குனிந்தோ பக்கத்துக்குச் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் பாரத்தை எடுக்கும் பழக்கமும், காலையும் மாலையும் தன் பின்புறத்தைத் தானே பார்க்க ஒரு கைக்கண்ணாடியும் நல்ல மெத்தையோடு சேர்ந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். கைக்கண்ணாடி கொடுத்ததாக எந்த அறக்கட்டளையின் முகநூலிலும் வந்ததில்லை. வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கை, மடியில் வைத்த சோற்றுப் பானை, கால் பட்ட சைலன்சர் எல்லாம் சுட்டுக் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். அதையும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சலப்பை அடுத்தது. ஒருவர் ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு தடவை கதீற்றர் என்கிற மெல்லிய குழாய் விட்டுச் சலம் எடுக்க வேண்டியிருக்கும். நாலு தடவை என்றே வைத்தாலும் மாதத்துக்கு 120 குழாய், 20 பேருக்கு 2,400. ஒருமுறை பாவித்து எறிவது என்றால் பல சின்ன அமைப்புகளின் முழு வரவும் இதிலேயே போகும். அதனால் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவிப்பது நடக்கிறது. எத்தனை தடவை, எப்படி என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரும் தாதியும் முடிவுசெய்யட்டும், லண்டன் கூட்டம் அல்ல. ஆனால் ஒரு மாதம் கொடுத்து அடுத்த மாதம் நிறுத்துவது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கெடுதி. குழாய் குறைந்தால் ஆள் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், கிருமி பெருகும், காய்ச்சல் வரும், பாதிப்பு சிறுநீரகம் வரை போகும். நெஞ்சின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு: குழாய் மடங்கிச் சலப்பை நிரம்பினால் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்து, இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் வைத்தியசாலை. இதை ஓர் அட்டையில் தமிழில் அச்சடித்து நாற்காலியின் பின்பையில் வைத்துவிடலாம்; உள்ளூர் வைத்தியசாலையின் இரவுநேரக் கடமையில் இருக்கும் இளம் வைத்தியருக்கும் அது உதவும்.

வீட்டு வேலைகளில் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே கணக்கு. 15 சென்ரிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் நீளம். இடமில்லை என்று மேசன் அரைவாசியில் முடித்துவிட்டால், அது தள்ளிவிட ஆள் உள்ளவருக்குத்தான் பயன்படும். மலசலகூடக் கதவின் திறந்த அகலம் 80 சென்ரிமீற்றராவது வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சீமெந்தைப் பளிங்குபோல் தேய்க்கவேண்டாம், துடைப்பத்தால் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள்.

வாழ்வாதாரம் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். பெட்டிக்கடை போட்டுக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அதை மூடவைப்பது கடன் கொப்பி. நாற்காலியில் இருப்பவர் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போக முடியாது என்பது ஊருக்கும் தெரியும்.

இத்தனையும் செய்வது யார்? அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து வருகிறது. வடக்கில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் அமைப்புகளும் உண்டு. அவர்களோடு பேசாமல் புதிதாக ஒரு நிலையம் கட்டிப் பெயர்ப்பலகை போடுவதில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன லாபம் என்று விளங்கவில்லை. பங்காளி அமைப்பு இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ பிரதேச செயலகத்திலோ பதிவாகியிருக்கிறதா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரிலா, கையெழுத்துக்கு இருவர் வேண்டுமா, கடைசி இரண்டு வருடக் கணக்கைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதையும் பங்காளியின் பட்டியலையும் ஒப்பிட்டால், எப்போதும் ஒரே பத்து வீட்டுக்கே எல்லா உதவியும் போவது தெரியவரும். வீதிக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும், ஒழுங்கையின் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

இனி லண்டன் பக்கம். இங்கிலாந்து, வேல்ஸில் சின்ன அமைப்புக்குப் பொருத்தமானது சி.ஐ.ஓ. (Charitable Incorporated Organisation) என்கிற சட்ட வடிவம். 2013இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனில் பதிவானால்தான் அது பிறக்கும், பதிவுக்குக் கட்டணமில்லை, அமைப்பின் கடன் அறங்காவலர்களின் வீட்டைத் தொடாது. சாதாரண சங்கமாக இருந்தால் வருட வரவு 5,000 பவுணைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம், சி.ஐ.ஓ.வுக்கு அந்த எல்லை இல்லை. பதிலுக்கு, வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் கணக்கும் அறிக்கையும் போட வேண்டும். மாதிரி யாப்புகள், அதாவது அமைப்பின் விதிக்கோவைகள், இரண்டு உண்டு. அறங்காவலர்களே உறுப்பினர்களாக இருப்பது ஒன்று. பரந்த உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவது மற்றது. எங்கள் சங்கங்களின் தேர்தல் வரலாறு தெரிந்தவர்கள் முதலாவதை எடுப்பார்கள். குறைந்தது மூன்று அறங்காவலர்; கணவன், மனைவி, மைத்துனர் என்று மூன்று அல்ல. ஒருவராவது இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல் வேலைசெய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ முள்ளந்தண்டுப் பிரிவுத் தாதியாகவோ, ஒருவராவது சக்கர நாற்காலியில் வாழ்கிறவராகவோ இருந்தால் கூட்டத்தில் மெத்தைக்கான காசை யாரும் வெட்டத் துணியமாட்டார்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் இடறுவது நோக்கம் எழுதும் இடத்தில். 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் உடற்குறைபாட்டால் தேவையுற்றோருக்கு உதவுவதை அறநோக்கமாக ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சொற்களோடு ஒட்டி, இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வாழும் வலுவிழந்தோர் என்று இடத்தால் வரையறுத்து எழுதினால் கேள்வி குறையும். "தமிழினத்தின் விடிவுக்காக" என்று தொடங்கினால் விண்ணப்பம் மாதக் கணக்கில் போய்வரும். பிரித்தானியாவில் 2001 முதல் தடைப்பட்டியலில் புலிகள் இயக்கம் இருக்கிறது. காயப்பட்டவரின் தேவையைப் பார்த்து உதவுவது வேறு, நிதிசேர் நிகழ்ச்சியில் சின்னம் வைப்பது வேறு. இரண்டாவதற்கு அமைப்பு மட்டுமல்ல, மண்டபம் எடுத்தவரும் பதில்சொல்ல வேண்டியிருக்கும்.

காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, அனுப்பாதீர்கள். நல்ல மாற்றுவிலை கிடைக்கும், அன்றைக்கே கைக்குப் போகும், எல்லாம் உண்மை. ஆனால் வெளிநாட்டுக்குப் போன காசு அறநோக்கத்துக்குத்தான் செலவானது என்று காட்ட நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று பிரித்தானிய வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. எதிர்பார்க்கிறது. காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகைக்கான வரிச்சலுகை போய்விடும். வங்கியில் இருந்து வங்கிக்கு, பங்காளியின் கணக்குக் கூற்று, பற்றுச்சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. நாற்காலியின் இலக்கத்தையும் மெத்தை மாற்றிய திகதியையும் காட்டும் படம் போதும், முகம் வேண்டாம்.

நன்கொடைக்குக் கட்டிய வரியை அரசிடம் திரும்பக் கோரும் கிஃப்ட் எயிட்டுக்குச் சாரிட்டி கமிஷன் பதிவு போதாது, எச்.எம்.ஆர்.சி.யில் தனியாகப் பதிய வேண்டும். வரி கட்டுகிற ஒருவர் தரும் 10 பவுணுக்கு அரசு 2 பவுண் 50 பென்ஸ் சேர்க்கும். கொடுத்தவரின் முழுப் பெயர், வீட்டு விலாசம் உள்ள உறுதிமொழி கையில் இருக்க வேண்டும். தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே: இராப்போசன ரிக்கற் விற்ற காசுக்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக் காசுக்கும் கோர முடியாது, வேலைத்தலத்தில் பத்துப் பேரிடம் சேர்த்ததை ஒருவர் பெயரில் போட முடியாது. கோயில் வாசலில் உண்டியற்பெட்டியில் விழும் 30 பவுணுக்கு உட்பட்ட சில்லறைக்குத் தனித் திட்டம் உண்டு. வருடத்துக்கு 8,000 பவுண் வரை, உறுதிமொழி தேவையில்லை. ஆனால் அந்தத் தொகையின் பத்திலொரு பங்காவது அதே வருடம் சாதாரண கிஃப்ட் எயிட்டில் கோரியிருக்க வேண்டும்.

பிறந்தநாள், நினைவுநாள் நன்கொடைகளைப் பற்றியும் முன்னமே முடிவெடுங்கள். ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் கொடுத்து, பதாகை பிடித்துப் படம் எடுத்து, வாட்ஸப்பில் போடுவதற்குக் காசு சுலபமாக வரும். அதை மறுக்கத் தேவையில்லை, திருப்பிவிடலாம்: இந்தப் பிறந்தநாளுக்கு மூன்று பேரின் அடுத்த வருட மெத்தை என்று. ஏற்காதவர்களும் இருப்பார்கள்.

"நிர்வாகச் செலவு ஒரு சதமும் இல்லை" என்று மட்டும் விளம்பரம் செய்யாதீர்கள். 20 பேரோடு தொடங்கினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வருடத்துக்கு 80 வருகை. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக் கரை வரை பரந்து கிடக்கும் வீடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு பார்த்தால் 40 வேலைநாள், அதற்குச் சம்பளமும் முச்சக்கர வண்டிக் கூலியும். ரயர் ஒட்டவும் பெயாரிங் மாற்றவும் பழகிய ஒருவருக்கு, அவரும் நாற்காலியில் இருப்பவராக இருந்தால் மிக நல்லது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூலி. முதல் வருடம் நாற்காலியால் செலவு கூடும். இரண்டாம் வருடத்தில் இருந்து இந்த வருகைகள்தான் பெரிய செலவு. அதை நிர்வாகம் என்று வெட்கப்பட்டு மறைத்தால், மூன்றாம் வருடம் வருகையே நின்றுவிடும்.

யாப்பில் கலைப்பு விதி ஒன்று இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. அமைப்பு மூடப்பட்டால் மிஞ்சும் காசு இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்பது அது. அதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஆறு மாதத்துக்குப் போதுமான காசு எப்போதும் தொடப்படாமல் இருப்பது, ஒவ்வொருவரின் இடுப்பளவு, நாற்காலியின் வகை, ரயர் எண், மெத்தை மாற்றிய திகதி, கதீற்றர் அளவு எழுதிய தமிழ்க் கோப்பு லண்டன் கணினியில் மட்டுமல்லாமல் பங்காளியின் அலுமாரியிலும், ஒரு பிரதி அவரவர் வீட்டிலும் இருப்பது. 21ஆவது பெயரைச் சேர்க்கும் கூட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆறு மாதக் கணக்கை.